முகூர்த்தப் பட்டு

ஜவுளிக்கடையின் அடித்தளத்து அறையில் உட்கார்ந்து கேமரா திரைகளைக் கவனிப்பதுதான் கலியபெருமாளின் வேலை. புடவையைச் சுருட்டிப் பைக்குள் தள்ளும் கைகள் எத்தனையோ அவரிடம் மாட்டியிருக்கின்றன. அன்று மத்தியானம் முகூர்த்தப் பட்டுப் பிரிவின் திரையில், அவரை விட்டுப் பிரிந்துபோன மனைவி செந்தாமரை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன். கண்ணாடி முன்னால் நின்று தோளில் பட்டுப்புடவையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவருடைய மகள். கல்யாணம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மகள் ஏதோ சொல்ல, மூவரும் சிரித்தார்கள். திரையில் சத்தம் வராது. நெஞ்சில் எங்காவது வலிக்கிறதா என்று அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. டீ ஆறிப்போயிருந்தது. குடித்தார். பிறகு வாக்கிடாக்கியில் பட்டுப் பிரிவு இருக்கும் மாடியின் காவலாளியைக் கூப்பிட்டார்.

"டேவிட்டு, கண்ணாடி முன்னால ஒரு பொண்ணு நிக்குது பாரு. தோள்ல போட்டிருக்கிற புடவை என்ன கலரு?"

"மாம்பழக் கலருண்ணே, அரக்கு பார்டர். ஏன், சந்தேகமா இருக்கா? பையைச் சோதிக்கவா?"

கறுப்பு வெள்ளைத் திரையில் அது சாம்பலாகத்தான் தெரிந்தது.

"வேணாம்பா. நல்ல குடும்பம் அது."

மூவரும் லிஃப்ட் பக்கம் நடந்து திரையை விட்டு வெளியே போனார்கள். அடுத்த திரையில் அவர் தேடவில்லை.