குறைக்கச் சொன்ன வேகம்

"அண்ணே, இந்த மோட்டாரோட வேகத்தைக் குறைச்சுத் தரணும்."

செல்வகணேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழவங்காடியில் அவன் கடைக்கு ரிமோட் கார் மோட்டாரோடு வருகிறவர்கள் எல்லோரும் வேகத்தைக் கூட்டத்தான் கேட்பார்கள். குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் ஜெபமலர். அதுவும் பிரஜினின் மனைவி!

"உன் வீட்டுக்காரன் அனுப்பினானா?"

"ஆமா. வேற யார்ட்டயும் குடுக்கப்பிடாது, செல்வா கைதான் வேணும்னாவ."

"எதுக்காம்?"

"அதைச் சொல்லக்கூடாதுன்னுட்டாவ அண்ணே. ஞாயித்துக்கிழமை ரேஸுக்குக் கொண்டு வருவாவ."

"ஓகோ! கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு!"

அவள் போனதும் அவன் முகம் கறுத்தது. பிரஜின் ஒருகாலத்துச் சிநேகிதன். போன வருஷம் இவனைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "மோட்டாரை முறுக்கத் தெரிஞ்சாப் போதாது மக்கா, ஓட்டத் தெரியணும்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவன். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது, வேகம் குறைந்த மோட்டாரிலேயே ஜெயித்து மானத்தை வாங்கப் பார்க்கிறான்!

'ஓட்டத் தெரியுமாம்லே? ஓட்டு, பார்ப்போம்.'

கார்பன் பிரஷ்ஷைப் புதிதாக மாற்றினான். முரட்டு ஸ்பிரிங் போட்டான். பின்மூடியைத் திருப்பி டைமிங்கை ஏற்றினான். எவன் கைக்கும் அடங்காத வேகம்.

ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞம் ரோட்டு மைதானத்தில் பிரஜின் வந்து இறங்கினான். கறுப்புக் கண்ணாடி. பெண்டாட்டியின் தோளில் கை. எதிரிலேயே நின்ற செல்வகணேஷைப் பார்த்தும் பார்க்காதவன் போலக் கடந்து போனான்.

'சினிமா ஹீரோன்னு நெனப்பு!'

பந்தயத்துக்கு முன் எல்லோரும் ஓட்டிப் பார்க்கும் நேரம். ஏழெட்டுக் கார்களின் இரைச்சல். பிரஜின் விசையை அழுத்தியதுதான் தாமதம், அவன் கார் சீறிப் பாய்ந்து முதல் வளைவிலேயே சுவரில் மோதிச் சிதறியது. மோட்டார் தனியே தெறித்து செல்வகணேஷின் காலடியில் வந்து விழுந்தது.

பொறுக்க ஓடி வந்த ஜெபமலரிடம் அதைக் கைத்துணியால் எடுத்து நீட்டினான். "என்ன தங்கச்சி, உன் ஆளுக்கு ஓட்டத் தெரியலையோ?"

அவள் மோட்டாரைத் தொட்டுக் கையை உதறினாள். அப்படிக் கொதித்தது.

"குறைக்கத்தானே சொன்னேன்? ஏன் அண்ணே இப்படிச் செஞ்சிய?" எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அவியளுக்குக் கண்ணு ரெண்டும் அணைஞ்சுட்டு வருது. மெதுவா ஓடினா நிழலாட்டமாவது வண்டி தெரியும், கடைசியா ஒருக்கா ஓட்டிப் பாத்திருதேன்னாவ..."

செல்வகணேஷ் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

எல்லைக்கோட்டில் தனியாக நின்ற பிரஜின், யாருடைய காரோ மெல்ல உருண்டு போகும் பக்கமாக முகத்தைத் திருப்பித் திருப்பி ரிமோட்டை வளைத்துக்கொண்டிருந்தான். "ஜெபா, செல்வா நாம சொன்ன மாதிரியே குறைச்சுத் தந்திருக்கான் பாத்தியா! எனக்கு வண்டி தெரியுதுட்டீ!"