கட் பண்ண மாட்டேனுங்க

“கட் பண்ண மாட்டேனுங்க சார்,” என்றாள் மைதிலி.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அங்கமுத்து, எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சைபர் பிரிவு அதிகாரி. பிள்ளைக்குப் பயம் தெளியட்டும் என்றுதான் சுலபமான கேள்வியை முதலில் கேட்டிருந்தார்.

‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது’ என்று ஒருவன் போனில் மிரட்டினால் என்ன செய்வாய்?

அரசின் இணையப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பள்ளி மாணவர்களை எடுக்கிறார்கள். கோடை விடுமுறை முழுக்கச் சென்னையில் பயிற்சி. சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். எழுத்துத் தேர்வில் முதலில் வந்தவள் மைதிலி. பன்னிரண்டாம் வகுப்பு. ஜேடர்பாளையத்திலிருந்து பஸ் மாறி மாறி நேர்முகத் தேர்வுக்குச் சேலம் வந்திருந்தாள்.

சரியான பதில் அவளுக்குத் தெரியும். உடனே துண்டிக்க வேண்டும், 1930 என்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

காலையில் பஸ் ஏற்றிவிட வந்த அனிதா டீச்சரும் அதைத்தான் சொல்லி அனுப்பினார். “அங்க போயி வீம்பு பண்ணாத மைதிலி. அவங்க எதிர்பாக்கற பதிலைச் சொல்லிட்டு வா.”

“நான் கேட்டது புரிஞ்சுதாம்மா?” என்றார் அங்கமுத்து. “அவன் மோசடிக்காரன். அவன்கூட உக்காந்து பேசுவியா?”

“பேசுவேனுங்க. அவனா வைக்கற வரைக்கும் பேசுவேன்.”

பக்கத்தில் இருந்த பொறியாளர் அமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. “எதுக்கு, எங்கிருந்து பேசறான்னு கண்டுபிடிக்கவா?”

“அது எனக்கு இன்னும் தெரியாதுங்க மேடம். அதைக் கத்துக்கத்தான் வந்திருக்கறேன்.”

“நிஜமாவே அப்படி போன் வந்திருக்கா உனக்கு?”

“மாசத்துல ஒருக்கா ரெண்டு தரம் வருதுங்க. ஒரே ஆளுதான்.”

“என்ன கேக்கறான்?”

“ஊட்டுல யாரு யாரு இருக்கீங்கன்னு கேப்பானுங்க. அப்பா எங்க போயிருக்காருன்னு கேப்பான். ஆருக்காவது ஒடம்பு செரியில்லையான்னு கேப்பான்.”

“நீ என்ன சொல்லுவே?”

“எல்லாத்தையும் சொல்லுவேனுங்க. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதைச் சொன்னேன். அப்பா கொச்சிக்கு முட்டை லோடு ஏத்திட்டுப் போனதைச் சொன்னேன். ஆத்துல தண்ணி உட்டதைக்கூடச் சொன்னேன்.”

அங்கமுத்துவின் முகம் சிவந்தது.

வீட்டு விவரம் எதையும் தராதீர்கள் என்று பள்ளி பள்ளியாகப் போய்த் தொண்டை வறளப் பேசுகிறவர் அவர். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை எதிரில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்கிறது.

“இந்தப் பதிலுக்கு உனக்கு சீட் குடுக்க முடியாதும்மா. மாத்திச் சொல்றதுன்னா இப்பவே சொல்லு. நான் எழுதிக்கறேன்.”

மைதிலி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“மாத்த மாட்டேனுங்க சார். ஊருல எல்லாரையும் கட் பண்ணச் சொல்லி நானே சொல்லுவேன். சொல்லியும் இருக்கறேன். ஆனா நான் கட் பண்ண மாட்டேன்.”

“அதுதான் ஏன்னு கேக்கறேன்.”

“நாம சீக்கிரம் வச்சுட்டா அவனை அடிக்கறாங்க சார். பேசிட்டு இருக்கற வரைக்கும் அடி இல்லை.”

“திருடனுக்குப் பாவம் பாக்கறியா?”

மைதிலி பையிலிருந்து போனை எடுத்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

“இதை ஒருக்கா கேளுங்க. அப்பறம் மார்க் போடுங்க.”

பதிவு செய்து வைத்திருந்த அழைப்பை ஓடவிட்டு, போனை மேசை நடுவில் வைத்தாள்.

இளைஞன் ஒருவனின் குரல். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி ஒரே சீராக இருந்தது. பார்சல் பிடிபட்டிருக்கிறது, விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், மேடம்?

“நாந்தானுங்க சார் இருக்கறேன்,” என்றது ஒரு பெண்குரல். மைதிலியின் குரல் அல்ல. அவளைவிட வயதானது. “நல்லா இருக்கறேனுங்க. ஒண்ணும் கவலை இல்லீங்க சார்.”

அந்தப் பக்கம் பின்னால் வேறு யார் யாரோ வெவ்வேறு மொழியில் பேசுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

“நீங்க சாப்டீங்களாங்க சார்?” என்றாள் அந்தப் பெண்.

“சாப்பிட்டேன் மேடம்,” என்றது குரல். அதற்கு மேல் சீராக வரவில்லை.

அங்கமுத்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “யாரு பேசறது?”

“எங்கம்மாங்க.”

“அவன்கிட்டப் போயி சாப்பிட்டியான்னு கேக்கறாங்க?”

“கம்ப்யூட்டர் வேலைன்னு கூட்டிட்டுப் போயி எங்கயோ அடைச்சு வச்சிருக்காங்க சார். எந்த நாடுன்னுகூடத் தெரியலை. எழுதிக் குடுத்ததைத் தவிர ஒரு வார்த்தை பேச உடறதில்லை. பக்கத்துல நின்னு கேட்டுட்டே இருக்காங்க. ஒருக்கா நான் சீக்கிரம் வச்சப்ப, லைன் கட் ஆகறதுக்குள்ள அடி உழுகற சத்தம் எனக்கே கேட்டுச்சு.” மைதிலி போனை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டாள். “அதனால அழக்கூடாது, பேரு சொல்லிக் கூப்புடக்கூடாதுன்னு அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனைக் குடுத்தேன்.”

அமுதவல்லி தன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அவன் பேரு என்ன?” என்றார் அங்கமுத்து மெதுவாக.

“மதனுங்க. எங்கண்ணன்.”