பார்க்க மட்டும்

"டிசைன யாருக்குக் குடுத்த மேகலா? இப்பவே சொல்லிடு. அப்பறம் போலீஸ்தான் வந்து கேக்கும்."

கேட்டவர் ஹேமலதா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. எதிரே தலைகுனிந்து நின்ற மேகலாவுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அந்த எரிச்சல் வேறு.

கம்பெனியின் ரூட்டரில் யாரோ புகுந்து விளையாடியிருப்பது நேற்றுத்தான் தெரியவந்தது. வெளிநாட்டுக்காரர்களின் புது ஷூ மாடல்கள் எல்லாம் அந்த நெட்வொர்க்கில்தான் இருந்தன. அவை வெளியே கசிந்தால் ஆர்டருக்கே வேட்டு.

வேலூரிலிருந்து வரவழைக்கப்பட்ட என்ஜினியர் டேனியல் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"வெளியாளு வேலை இல்ல மேடம். ரூட்டர் சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை இருக்குது. 'பார்க்க மட்டும்'னு பர்மிஷன் வாங்கின உள்ளாளு, அது வழியா ஏறித் தன்னையே ஓனராக்கிக்கலாம். இவங்க லாகின்தான் அப்படி ஏறியிருக்குது. இத அடைக்க அப்டேட் வந்து ரொம்ப நாளாச்சே, ஏன் போடல?"

"ஷிப்மென்ட் முடியட்டும்னு இருந்துட்டோம்." ஹேமலதாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தக் கோபமும் சேர்ந்து மேகலா மேல்தான் பாய்ந்தது. "நீ இன்னாத்துக்கு உள்ள பூந்த?"

"டிசைன் பக்கமே நான் போவல மேடம்."

"அப்ப எங்க போன?"

உண்மையைச் சொன்னால் மேகலாவுக்கு வேலை மட்டும்தான் போகும். சொல்லாவிட்டால் திருடி என்ற பெயரோடு போக வேண்டும். அது தெரிந்தும் பாவி வாயைத் திறக்கவில்லை.

"மேடம், இவங்க சொல்றது நெசம்தான்" என்றார் டேனியல். "டிசைன் பக்கம் போவவே இல்ல. ஒரே ஒரு கேமராவுக்குத்தான் வழி திறந்திருக்காங்க. கீழ இருக்குற கொழந்தைங்க காப்பகம்."

ஹேமலதாவின் முகம் வெளுத்துவிட்டது.

டேனியலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்க புள்ளைங்க அங்க இருக்குதாம்மா?"

"இல்ல சார். ரெண்டு பொண்ணுங்களும் ஆலங்காயத்துல ஸ்கூலுக்குப் போறாங்க."

"போதும் டேனியல். மூடிடுங்க" என்றார் ஹேமலதா அவசரமாக.

அதற்குள் டேனியல் கேமராவைத் திறந்துவிட்டிருந்தார். திரையில் பாய் விரித்த அறை, தூங்கும் குழந்தைகள். ஓரத்தில் ஒரு பையன் மட்டும் முழித்துக்கொண்டு, நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தான். பல வருட ஏக்கத்துக்குப் பிறகு ஹேமலதாவின் வீட்டுக்கு வந்த பிள்ளை.

"அட, உங்க டேபிள் போட்டோவுல இருக்குற பையன்தானே மேடம் இது?" டேனியல் சிரித்தார். கூடச் சிரிக்க அங்கே ஆளில்லை.

பையன் நாற்காலியை விட்டான். தள்ளாடினான். ஓர் அடி வைத்தான், பிறகு இன்னொன்று.

போலீஸ், வேலை, கொடுத்த வாக்கு, எல்லாமே மேகலாவுக்கு மறந்துபோயிற்று. கண்ணில் நீர் கொட்ட, ஹேமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பெத்த புள்ள நடக்குதுக்கா."