சேக் பரீது வீட்டுச் சுத்தம்

ஊற்று மடையில் குந்தியபடி சேக் பரீது வலது கையைச் செம்மண் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் எரிந்தது. அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"போற வெள்ளக்காரன் சும்மா போவானா மச்சான்? கையப் புடிச்சிக் குலுக்கிட்டுப் போறான். நான் நீட்டவே இல்ல. அவனே எட்டிப் புடிச்சிக்கிட்டான்," என்று காறித் துப்பினார்.

மனைவியின் தம்பி ரஃபியுதீன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். மஞ்சக்குப்பம் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. அந்த வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷில் பேசி அனுப்பிவைத்தவன் அவன்தான்.

வெள்ளைக்காரனும் அவன் பெண்சாதியும் வீட்டையே மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கட்டில், அடுப்பு, ஜன்னல் திரை எல்லாம் வண்டிக்குள்ளேயே. தானாகப் பொங்கும் ஊற்றும், பரீதின் ஜட்கா குதிரைகள் மேயும் புல்வெளியும் பிடித்துப்போய், இங்கே கொஞ்ச நாள் 'கேம்ப்' போடலாமா என்று கேட்டார்கள். தாசில்தார் போடுவது மாதிரி ஏதோ கௌரவமான சங்கதி என்று நினைத்துப் பரீதும் தலையாட்டிவிட்டார்.

வண்டிக்குள் அடுப்பை ஒட்டி ஒரு சின்னக் கதவு இருந்தது. அது என்னவென்று மச்சானை விட்டுக் கேட்டதுதான் வினை. கக்கூஸாம். சோறு பொங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கக்கூஸ். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். கழுவத் தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வியையும் கேட்டுத் தொலைத்தார்.

"தண்ணி கெடையாதாம் மச்சான். காயிதத்துல தொடச்சிக்குவாங்களாம்."

பரீது ஊற்றைத் திரும்பிப் பார்த்தார். ராப்பகலாக ஊற்று கொட்டிக்கொண்டிருக்கும்போது காயிதமா? கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் அவர் கண்முன் வந்து நின்றது. எழுத்துள்ள காயிதத்தைத் தெரியாமல் மிதித்தாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் அவர். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு சமயமாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார். நாளைக்கு ஜும்ஆ முடிந்து மகள் மலிகாவைத் தம் மகனுக்குக் கேட்டுச் சம்பந்தம் பேச அப்துல் முத்தலிப் சிதம்பரத்திலிருந்து வருகிறார். பெரிய ஜவுளிக்கடைக்காரர். சுத்தம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. போன மாதம் ஒரு வீட்டில், தம்ளர் அடியில் ஒட்டியிருந்த டீத்தூளைப் பார்த்துவிட்டுச் சம்பந்தமே வேண்டாம் என்று எழுந்து போனவர். நடமாடும் கக்கூஸ் ஒன்று வாசலில் நிற்பதைப் பார்த்தால் மலிகாவின் கல்யாணம் அதோடு சரி.

வண்டி நின்றிருந்த பக்கமிருந்து மனைவி சலீமா பீவி வந்தாள். கொளுத்துகிற வெயிலிலும் துப்பட்டியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"ஏங்க, அந்தம்மா நல்ல மாதிரிதானே? தெனம் நம்மகிட்டதான் முட்ட வாங்குனாங்க. அவுங்கள ஏன் தொரத்துனீங்க?"

"அசிங்கம் புடிச்சவங்க. அதோட வுடு."

"அப்படி என்ன அசிங்கம்?"

"பொம்பளைங்ககிட்ட சொல்ற விஷயமா அது? அவுங்ககிட்டேருந்து ஒரு துரும்புகூட நம்ம வூட்டுக்குள்ள வரக் கூடாது, ஆமா."

சலீமா பீவி போர்த்திய துப்பட்டியை எடுக்காமலே உள்ளே போனாள்.

மறுநாள் அப்துல் முத்தலிப் தம் அண்ணன் தம்பிகளோடு வந்து இறங்கினார். உட்கார்ந்ததுமே தம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. பரீதுக்கு மூச்சு வந்தது.

பிரியாணி முடிந்து கை கழுவினார்கள். வழக்கமாகச் சுற்றிவரும் ஒரே துண்டு வரவில்லை. ஆளுக்கொன்றாக, வெள்ளை வெளேரென்று மடித்துத் தட்டில் வந்தது. மனைவி மல் துணியைக் கத்தரித்துப் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, அவளுடைய சாமர்த்தியத்தைப் பரீது மெச்சிக்கொண்டார்.

"ஒரே துண்டுல ஊரே தொடைக்கிறது எனக்கு ஆவாது. இதான் சுத்தம்," என்ற முத்தலிப் கையைத் துடைத்தார், உதட்டைத் துடைத்தார், தாடியையும் நீவிக்கொண்டார். தாடியில் ஒரு வெள்ளைத் துணுக்கு ஒட்டிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

"ஊத்தாண்ட வண்டித்தடம் கெடக்கே, லாரி கீரி வருதா மச்சான்?" என்று கேட்டார். சம்பந்தி ஆகுமுன்பே மச்சான். பரீதுக்குக் குளிர்ந்துவிட்டது.

அடுப்படியில் இருக்கும் பெண்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, வெள்ளைக்காரன் கதையை ஒன்று விடாமல் சொன்னார். கூடத்தில் எல்லார் முகமும் கோணியது.

"தூ, மனுசனா அவன்?" என்ற முத்தலிப், குமட்டிக்கொண்டு வந்த வாயை இன்னொரு மடிப்பு எடுத்து அழுத்தித் துடைத்தார். "தொரத்துனீங்களே, அதுக்கே இந்த வூட்ல பொண்ணு எடுக்கலாம். நிக்காஹ் தேதியக் குறிங்க."

பரீதும் கண்ணில் நிறைந்த நீரைத் தம் மடிப்பால் ஒற்றிக்கொண்டார். பட்டுப்போல இருந்தது.

முத்தலிப் கையில் இருந்ததை விரலால் நெருடிப் பார்த்தார். "ஆமா, இது என்ன ரகம்? டெரிலின் வந்தாப்புல புதுச் சரக்கா? எங்க கடையிலயே இல்லையே."

"புள்ள, சம்பந்தி கேக்குறாங்க பாரு. எங்க வாங்குன?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் பரீது.

திரைக்குப் பின்னால் வளையல் ஓசை கேட்டது. சலீமா பீவியின் குரலில் பெருமை பொங்கியது.

"அது துணி இல்லைங்க, காயிதம். அந்த வெள்ளக்காரம்மா போவும்போது குடுத்தாங்க, இன்னும் நாலு சுருள் இருக்கு, நிக்காஹ் பந்திக்கும் ஆவும்."