மோந்து பாத்தீங்களா?

“மோந்து பாத்தீங்களாண்ணா இதை? இதுவா எலுமிச்சைத் துளசி?”

சமையல்காரர் சடையனின் கையிலிருந்த கொத்தைப் பிடுங்கி, எல்லோர் முன்னாலும் கீழே போட்டார் அருணாதேவி. செங்கம் ரோட்டில் இருக்கும் அந்தச் சின்ன கஃபேயின் முதலாளி.

“எலுமிச்சை வாசனையே இல்ல. வேற பறிங்க. நேத்துப் பாலும் தீஞ்சுது. கவனம் எங்க இருக்கு உங்களுக்கு?”

சடையன் கொல்லைக்குப் போனார்.

பில் போடும் மதிவதனிக்கு மனசு கேட்கவில்லை. படிப்பு முடித்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“தினமும் இப்படித்தானாக்கா?” என்றாள் தட்டு துடைத்துக்கொண்டிருந்த கஸ்தூரியிடம்.

“தினமும்தான். அந்தம்மாவுக்கு மூக்கும் ஜாஸ்தி, வாயும் ஜாஸ்தி. பாவம், வயசான மனுஷன்.”

கொல்லையில் எலுமிச்சைத் துளசிக்குப் பக்கத்திலேயே, அதே துளசி இனமான திருநீற்றுப்பச்சிலையும் இருந்தது. விதை விழுந்து இரண்டும் கலந்து முளைத்ததில், எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. கசக்கி மோந்தால்தான் எலுமிச்சை வாசம் காட்டிக்கொடுக்கும். அந்த இலையைத் தூவித் தரும் சூப்புக்காகவே பக்கத்து ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் இங்கே எட்டிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் அருணாதேவி கடை லைசென்ஸ் விஷயமாக வேங்கிக்காலில் இருக்கும் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தார். சூப்புக்கு ஆர்டர் வந்தது. சடையன் ஒரு கொத்தைப் பறித்து வந்து கசக்கினார். மூக்கருகே வைத்துக் கண்ணை மூடித் தலையாட்டினார்.

“எலுமிச்சை கும்முன்னு வருது பாரும்மா.”

மதிவதனி வாங்கி மோந்தாள். எலுமிச்சை வாசம் துளியும் இல்லை. அவருக்குப் பின்னால் அடுப்பில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது. நெடி மூக்கைத் துளைத்தது. அவர் திரும்பக்கூட இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். இலையைப் பற்றி அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

அன்று சூப் கிண்ணங்கள் பாதியோடு திரும்பி வந்தன.

முதலாளியிடம் சொன்னால் சடையனின் வேலை போகும். சொல்லாவிட்டால் கடை பேர் போகும். பகலெல்லாம் தவித்துவிட்டு, சாயங்காலம் அருணாதேவி வந்ததும் அவர் அறைக்குப் போனாள்.

“அக்கா, சடையண்ணாவுக்கு வாசனை தெரியலக்கா. தயவுசெஞ்சு வேலைய விட்டு அனுப்பிடாதீங்க.”

அருணாதேவி எழுந்து கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசு. கொரோனா வந்துட்டுப் போனதுல இருந்தே அவருக்கு வாசனை தெரியாது. அது எனக்குத் தெரியும்னுதான் அவருக்குத் தெரியாது.”

“தெரிஞ்சுமாக்கா தினம் திட்டுறீங்க?”

“அவருக்காக நான் மோந்து பாக்க வேற என்ன வழி இருக்கு? பாவம்னு ஒரு வார்த்தை சொன்னா, கரண்டியை வெச்சுட்டுப் போயிடுவாரு. திட்டினா, வீட்ல போய் என்னை நல்லா நாலு திட்டு திட்டிட்டு, காலையில வந்துடுவாரு.”

அருணாதேவி லைசென்ஸ் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார்.

“நாளைக்கும் நான் வேங்கிக்கால் போகணும். சமையல்கட்டை நீ பாத்துக்கறியா?”

மறுநாள் சடையன் கொத்தோடு உள்ளே வந்தார். மதிவதனி எழுந்துபோய் அதை வாங்கி மோந்தாள். குரலை முடிந்த மட்டும் கடுமையாக்கிக்கொண்டாள்.

“மோந்து பாத்தீங்களாண்ணா இதை? போய் வேற பறிங்க.”

தட்டு துடைத்துக்கொண்டிருந்த கஸ்தூரி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள்:

“வந்து ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள இதுக்கும் அந்தம்மா புத்தி ஒட்டிக்கிச்சு.”