உச்சத் துடிப்பு

“பீப்! பீப்! பீப்!”

க்ளென்னின் கைக்கடிகாரம் அலறியது.

“என்னவாம் அதுக்கு?” என்று ஓடிக்கொண்டே கேட்டாள் நோரீன்.

“நூத்தி எழுபதைத் தாண்டிட்டியாம். உன் நெஞ்சு துடிக்கிற துடிப்புக்கு என் கை அலறுது.”

“அது வாயை மூடுய்யா. இன்னும் ஒரு ஏத்தம் பாக்கி.”

அமெரிக்காவின் டுலூத் நகரில் ஏரிக்கரையிலிருந்து மேலேறும் தெரு அது. காருக்கே மூச்சு வாங்கும்.

நோரீனுக்கு நாற்பத்தொன்று. இருநூற்றிருபதில் வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு வந்துவிடும் என்கிற பொதுக் கணக்கை அவள் நம்பவில்லை. தன் உண்மையான எண் தெரிந்தால்தான் டிசம்பர் மாரத்தானுக்கு எந்த வேகத்தில் தயாராவது என்பது தெரியும் என்று க்ளென்னிடம் சொல்லியிருந்தாள். அதற்காகவே மூன்று முறை இந்த மேட்டில் ஓட்டம். மூன்றாவது முறை உயிரைக் கொடுத்து. துடிப்பை அளக்கும் பட்டை அவள் மார்பில், எண்ணைக் காட்டும் கடிகாரம் அவர் மணிக்கட்டில்.

இரண்டாவது ஏற்றம் முடிந்து இறங்கும்போது அவள் சொன்னாள்.

“இதோ பார் க்ளென். நூத்தி எண்பதுக்குள்ள நின்னா டிசம்பர்ல உன்னோடதான் ஓடுவேன். அதுக்கு மேல போச்சுன்னா எனக்கு இன்னும் வேகம் இருக்குன்னு அர்த்தம். நம்ம ஓட்டக் குழுவுல இருக்கிற ட்ரெவரைக் கூப்பிட்டுக்குவேன்.”

“ட்ரெவரா? ஷூ கயிறு ஒழுங்கா கட்டத் தெரியாது அவனுக்கு!”

“அவனுக்கு இருபத்தாறு. உனக்கு அம்பத்தேழு.”

க்ளென் ஆறு வருடமாக அவளோடு ஓடுகிறார். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், காலையில் படுக்கையை விட்டு எழ அவருக்கு இருந்த ஒரே காரணம் இந்த ஓட்டம்தான்.

மூன்றாவது ஏற்றம்.

“இடது பக்கம் பள்ளம்! ஏறு! என்ன, காத்து வாங்க வந்தியா? ஏறு தாயே!”

நூற்று எழுபத்தாறு. நூற்று எண்பத்தொன்று. நூற்றெண்பதைத் தாண்டிவிட்டதைக் க்ளென் பார்த்தார். ஆனாலும் தொண்டை கிழியக் கத்தினார்.

“விடாதே! இன்னும் பத்தே அடி!”

உச்சியில் நோரீன் புல்லில் குப்புற விழுந்தாள். கடிகாரத்தில் நூற்று எண்பத்தேழு.

“எவ்... எவ்வளவு?”

அதை அவர் மட்டும்தான் பார்த்திருந்தார். நூற்று எழுபத்தெட்டு என்று சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

“நூத்தி எண்பத்தேழு.” என்றார். “ட்ரெவர் நம்பர் என்கிட்ட இருக்கு. தரட்டுமா?”

நோரீன் புரண்டு எழுந்து உட்கார்ந்தாள். அவள் நீட்டிய கை காற்றில் துழாவி அவர் தோளைக் கண்டுபிடித்தது.

“வேணாம்யா. போன வாரமே ஆஸ்பத்திரியில ஓடவிட்டு அளந்தாச்சு, அதே நூத்தி எண்பத்தேழு. கண்ணு தெரியாத எனக்கு இருபத்தாறு மைலும் பள்ளம் மேடு சொல்லிக் கூட்டிட்டுப் போறவன், தனக்கே நஷ்டம்னாலும் உள்ளதைச் சொல்வானான்னுதான் தெரியாம இருந்துச்சு.”