பனிமலைக்கு ஐந்து பேர்

ஓட்டுநர் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்த அதே நொடியில் கண்ணாடிக் கடைக்காரியின் கைபேசி அதிர்ந்தது.

"மூக்குல அழுத்துதுடி. கொஞ்சம் தளர்த்திக் கொடு."

கண்ணாடி இல்லாவிட்டால் அக்காவுக்கு எதிரே நிற்பது ஆளா, ஆணியில் தொங்கும் சட்டையா என்றே தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் கடைக்காரி கைபேசியைக் கவிழ்க்காமல் விட்டாள். கவிழ்த்திருந்தால் அந்தக் கையசைவு தெரிந்துபோயிருக்கும். பத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டியவள். அசைவதெல்லாம் அவள் பார்வைக்குத் தப்பாது.

திரையில் தோழிகளின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

மலையடிவாரத்தில் மரவீடு கிடைத்துவிட்டது. பனியில் சறுக்க யாருக்கு ஸ்கீ, யாருக்கு ஸ்னோபோர்டு, இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். தலைக்கவச அளவு அனுப்பாத மகராசி வெறுந்தலையோடு உருளட்டும்.

இரண்டு நிமிட வேலைதான். வேலை முடிந்தும் கடைக்காரி திருப்புளியைச் சும்மா திருகிக்கொண்டே இருந்தாள். திரை அணையாமல் எப்படிக் கண்ணாடியைக் கொடுப்பது?

அக்கா வலது காலை நீட்டிக் கணுக்காலைத் தேய்த்துவிட்டாள். போன குளிர்காலத்தில் ஆறு பேராகப் போன மலையில் இரண்டு இடத்தில் உடைந்த கால். உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். பிரேக்கை மிதிக்கும் கால் அது. இப்போது பணிமனையில், பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பெயர் மட்டும் இன்னும் ஓட்டுநர் அக்காதான்.

"இந்த வருஷம் மலைப் பேச்சையே யாரும் எடுக்கலையே? எனக்காகப் பார்த்து நிறுத்திடாதீங்கடி. விழுந்தது என் அவசர புத்தியால. பூட்ஸைச் சரியாப் பார்க்காம மாட்டிக்கிட்டு இறங்கினது நான்தானே?"

திருப்புளி நழுவிக் கடைக்காரியின் விரலில் குத்தியது.

"யாருக்கும் லீவு கிடைக்கலக்கா."

நல்லவேளை, திரை அணைந்தது. கண்ணாடியைத் துடைத்து நீட்டினாள். அக்கா மாட்டிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் ஏன் இப்படி வெளுத்துப்போய்க் கிடக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா இல்லையா என்று கடிந்துகொண்டாள். கைப்பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

வலது கால் அரைத் தாளம் பிந்தி விழுந்தது. வாசல் தாண்டித் தெருமுனை திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

கடைக்காரி கைபேசியை எடுத்தாள். இந்த ஐந்து பேர் குழுவை ஆரம்பித்தவளே அவள்தான். அக்காவின் வலி ஆறட்டும், அதுவரை அவள் காதில் போட வேண்டாம் என்று சொல்லித்தான் மற்றவர்களைச் சேர்த்திருந்தாள்.

பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் தோழி கடைசியாக எழுதியிருந்தாள். அக்கா பனியில் இறங்க வேண்டாம். கேபிள் காரில் மேலே வந்து உட்காரட்டும். அவள் இல்லாமல் அது என்ன மலை? நீயே கேட்டுப் பாரேன், உன் பேச்சை அவள் தட்டமாட்டாள்.

அதற்குக் கீழே மற்ற மூவரும் வரிசையாக இதயம் போட்டிருந்தார்கள்.

குத்திய விரலாலேயே கடைக்காரி பதில் அடித்தாள்: "இப்பதான் கேட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டாளாம். தயவுசெஞ்சு யாரும் வற்புறுத்தாதீங்க."

போன குளிர்காலத்தின் கடைசி நாள். எல்லாருக்கும் முன்னால் விழித்துக் காலணி அடுக்குக்குப் போனவள் கடைக்காரி. வாடகைக்கு எடுத்த அவளுடைய பூட்ஸில், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பட்டை அறுந்திருந்தது. மாற்றித் தரும் கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம். யார் தடமும் படாத பனியில் முதல் ஆளாகச் சறுக்க அவளுக்குக் கொள்ளை ஆசை. பக்கத்திலேயே அதே நிறத்தில், அதே அளவில் அக்காவின் ஜோடி இருந்தது.

அதை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தன்னுடையதை, அறுந்த பட்டை வெளியே தெரியாதபடி உள்ளே மடித்து, அக்காவின் இடத்தில் நேராக வைத்துவிட்டுத்தான்.